இரண்டு நாளும் 1.2 மீட்டர்தான், பிறகு ஏன் ஒரு நாள் மட்டும் தூக்கி அடித்தது?

ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. அலைச்சறுக்கு கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. சனிக்கிழமை காலை முன்னறிவிப்பில் 1.2 மீட்டர், 7 நொடி என்று இருந்தது. லேசான கடற்காற்று, கடல் ஏறியிருந்த நேரம். அலைகள் மெல்ல நுரைத்துச் சரிந்தன. பத்துப் பன்னிரண்டு முறை எழுந்து நின்று சறுக்க முடிந்தது. ஞாயிறு மதியம் அதே கரை, அதே பலகை. முன்னறிவிப்பு 1.2 மீட்டர், 14 நொடி. காற்று நிலத்திலிருந்து வீசியது, கடல் வற்றியிருந்தது. கரையில் நின்று பார்த்தால் படம் போல அழகு. உள்ளே போனால் ஒவ்வோர் அலையும் சுவராக எழுந்து, இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரே அடியாகக் கவிழ்ந்தது. ஒன்றில்கூட நிற்க முடியவில்லை. உயரம் ஒன்றுதானே, எது மாறியது?

உயரத்தைத் தவிர எல்லாமே மாறியிருக்கிறது. நீங்கள் கவனமாகக் குறித்துவைத்த மற்ற மூன்று விவரங்களிலேயே விடை இருக்கிறது: நொடிக் கணக்கு, காற்றின் திசை, கடல் ஏறியதும் வற்றியதும். மூன்றும் சேர்ந்து ஒரே பக்கமாக இழுத்த நாள் அந்த ஞாயிறு.

முதலில் ஒரு பிழையான விளக்கத்தை ஒதுக்கிவிடலாம். அலை ஏன் உடைகிறது என்று கேட்டால் பலரும் சொல்வது: அலையின் அடிப்பகுதி தரையில் உரசித் தடைபடுகிறது, மேல்பகுதி அதே வேகத்தில் வருகிறது, கால் தடுக்கி விழுபவனைப் போலத் தலைகுப்புற விழுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உரசலுக்கு இதில் பங்கு மிகக் குறைவு. கண்ணாடி போல வழவழப்பான தரையிலும் அலை உடையும். காரணம் உரசல் அல்ல, ஆழம்.

உடையும் இடத்துக்கு அப்பால், பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஓர் அலை உங்களைக் கடக்கிறது. நீங்கள் மேலே எழுகிறீர்கள், முகட்டில் இருக்கும்போது கரைப்பக்கமாக ஓர் அடி நகர்கிறீர்கள், கீழே இறங்குகிறீர்கள், பள்ளத்தில் இருக்கும்போது கடல்பக்கமாக ஏறக்குறைய அதே அளவு பின்வாங்குகிறீர்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டீர்கள். உங்களைச் சுற்றியுள்ள நீரும் அப்படித்தான் ஒரு வட்டம் போடுகிறது. பயணிப்பது வடிவமும் ஆற்றலும் மட்டுமே. கீழே போகப்போக இந்த வட்டங்கள் சிறுத்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். அதைவிட ஆழமான கடலில் அலைக்குத் தரை இருப்பதே தெரியாது.

அலைநீளத்தைத் தீர்மானிப்பது அந்த நொடிக் கணக்கு. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் வரையான நேரத்தை அலைக்காலம் என்போம். ஆழ்கடலில் அலையின் வேகம், அலைக்காலத்தை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும், நொடிக்கு மீட்டரில். 7 நொடி அலைக்கு நொடிக்கு 11 மீட்டர். 14 நொடி அலைக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர். அலைநீளம் முதலாவதற்கு 76 மீட்டர், இரண்டாவதற்கு 306 மீட்டர். காலம் இரட்டிப்பானால் நீளம் நான்கு மடங்கு. எனவே சனிக்கிழமை அலை 38 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அலையோ 150 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிட்டது.

இந்த 14 நொடி அலை பக்கத்தில் பிறந்ததும் அல்ல. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு பரந்த நீர்ப்பரப்பின் மேல் வீசுகிறது என்பதைப் பொறுத்தே அலைகள் வளர்கின்றன. நீண்ட அலைக்காலம் கொண்டவை பெரும்பாலும் தொலைதூரப் புயல்களின் பிள்ளைகள். வால்டர் மங்க் என்ற கடலியலாளர் 1963இல், தென்கடலில் பிறந்த அலைகளை நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை கருவிகள் வைத்துத் தொடர்ந்து போய், அவை பசிபிக் முழுவதையும் கடந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணிப்பதைக் காட்டினார். வழியில் வேகமானவை முந்தும், மெதுவானவை பின்தங்கும். அதனால்தான் தூரத்திலிருந்து வரும் அலைகள் ஒழுங்காகவும் நீண்ட இடைவெளியுடனும் வந்து சேர்கின்றன. பக்கத்துக் காற்று எழுப்பிய அலைகளில் அந்த ஒழுங்கு இருக்காது. கலைந்து, துண்டு துண்டாக வரும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி கரையருகே. ஆழம் குறையும்போது அலையின் வேகம் ஆழத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். இரண்டரை மீட்டர் நீரில் வேகம் நொடிக்கு 5 மீட்டர்தான். 79 கிலோமீட்டரில் ஓடிவந்தது 18ஆக இறங்கிவிட்டது. ஆனால் அலைக்காலம் மாறாது. பின்னால் 14 நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன, எனவே அலைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஆற்றலின் பெரும்பகுதி இன்னும் வீணாகவில்லை. குறைந்த வேகத்தில் அதே ஆற்றலைக் கடத்த அலைக்கு ஒரே வழி, உயர்வது.

இங்கேதான் உங்கள் 1.2 மீட்டர் ஏமாற்றுகிறது. முன்னறிவிப்பில் வரும் எண் திறந்த கடலில் இருக்கும் உயரம், கரையில் உடையும் உயரம் அல்ல. நேராக வந்து நேராக உடையும் அலைக்கு வழக்கமான மதிப்பீட்டுச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 7 நொடியில் வந்த 1.2 மீட்டர் உடையும்போது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 14 நொடியில் வந்த 1.2 மீட்டர் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வந்து சேரும் ஆற்றலும் சனிக்கிழமை 5 கிலோவாட் என்றால் ஞாயிற்றுக்கிழமை 10. போதாக்குறைக்கு, அந்த 1.2 என்பது உச்ச உயரமும் அல்ல. வந்த அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. சில மணி நேரம் காத்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கை நெருங்கும் அலை ஒன்று வரும். அது நீங்கள் தவறான இடத்தில் இருக்கும்போதுதான் வரும் என்பது என் அனுபவம்; அறிவியல் அல்ல.

அலை உயர்ந்துகொண்டே போக முடியாது. முகட்டின் கீழே உள்ள நீரின் ஆழம் பள்ளத்தில் உள்ளதைவிட அதிகம் என்பதால் முகடு சற்று வேகமாக நகர்ந்து முன்னால் இருக்கும் பள்ளத்தை நெருங்குகிறது. முன்முகம் செங்குத்தாகிறது. அதே நேரத்தில் முகட்டில் வட்டமிடும் நீரின் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் முகட்டிலுள்ள நீர், அலையின் வடிவத்தைவிட வேகமாகப் போகத் தொடங்குகிறது. தன் அலையையே முந்திக்கொண்டு வெளியே பாய்கிறது. அதுதான் உடைதல். எந்த ஆழத்தில் இது நடக்கும்? 1894இல் மெக்கோவன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுத் தந்த எண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அலையின் உயரம் நீரின் ஆழத்தில் 0.78 பங்கை எட்டும்போது. திருப்பிச் சொன்னால், அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில். இது சமதளத் தரைக்கான கணக்கு. தரை செங்குத்தாக ஏறினால் அலை தன் உயரத்தைவிட ஆழம் குறைந்த நீர் வரைக்கும் வந்துதான் உடையும். அதனால்தான் அலை உடைவதைப் பார்த்தே கீழே தரை எப்படி இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட முடிகிறது.

எங்கே உடைகிறது என்பதைவிட எப்படி உடைகிறது என்பதே சறுக்குபவருக்கு முக்கியம். சரிவு மென்மையாக இருந்தால் முகடு மட்டும் நுரைத்து, அந்த நுரை முன்முகத்தில் வழிந்து, நூறு மீட்டர் தூரம்கூட அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆற்றலைச் செலவழிக்கும். ஹவாயின் வைகிகி இதனால்தான் நீண்ட பலகைகளுக்கும் புதியவர்களுக்கும் பேர்போன இடமானது. சரிவு கூடும்போது முகடு முழுவதுமாக முன்னால் எறியப்பட்டு, வளைந்து, பள்ளத்தில் விழும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். சறுக்குபவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடும் குழல் அதுதான். இன்னும் செங்குத்தான கரையில் அலை உடைவதற்கே நேரமில்லாமல் அப்படியே கரைமேல் ஏறி இறங்கும்; அது சறுக்குவதற்கு உதவாது, கரையில் நிற்பவர் காலை வாருவதற்கு மட்டும் உதவும்.

எந்த வகை வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல இரிபாரன் எண் என்று ஒன்று இருக்கிறது. தரையின் சரிவை, ஆழ்கடலில் அலையின் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 0.5க்குக் கீழே என்றால் நுரைத்து வழியும், 0.5இலிருந்து 3.3 வரை என்றால் கவிழும்; அதற்கு மேல் கரையேறும். உங்கள் கடற்கரைக்கு முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு 0.27. ஞாயிற்றுக்கிழமைக்கு 0.53. ஒரே கரை, ஒரே உயரம். நொடிக் கணக்கு மட்டும் மாறியதில் அலை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவிவிட்டது. எல்லைக்கோடுகள் கத்தியால் வெட்டியவை அல்ல, ஆனால் போக்கு இதுதான்.

கடல் வற்றியிருந்தது இதை மேலும் கூர்மையாக்கியது. பெரும்பாலான மணற்கரைகளின் அடித்தரை ஒரே சீரான சரிவு அல்ல. கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல் திட்டு ஒன்று இருக்கும். அதற்கும் கரைக்கும் நடுவே சற்று ஆழமான பள்ளம். கடல் ஏறியிருக்கும்போது சின்ன அலைகள் அந்தத் திட்டைச் சட்டை செய்யாமல் கடந்து வந்து, உள்ளே மென்மையான சரிவில் உடையும். வற்றியிருக்கும்போது திட்டின் முன்சுவரே கரையாகிவிடுகிறது. ஆழத்திலிருந்து சட்டென்று ஆழமற்ற நீருக்கு வரும் அலை வேறு எப்படி உடையும்? இதன் உச்சம் தாஹிட்டியின் தியாஹுப்போ. 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி அங்கேதான் நடந்தது. மிக ஆழமான கடலிலிருந்து பவளப்பாறை திடீரென்று எழுகிறது. அலை தன் முன்னாலிருக்கும் நீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எழுவதால் அதன் பள்ளம் சுற்றியுள்ள கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்து போகிறது. பார்க்கும்போது கடலில் ஒரு படி வெட்டியது போல இருக்கும்.

அந்த உறிஞ்சலின் சின்ன வடிவத்தை நான் ஒரு மணற்கரையில் மிகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடல் வற்றிய நேரம். துடுப்பு போலக் கைகளை வலித்துக்கொண்டு ஓர் அலையைப் பிடிக்க முயன்றேன். பலகையின் மூக்கு கீழே சாய்ந்தபோது எதிரே தெரிந்தது நீர் அல்ல, மணல். மணலில் இருந்த வரிகளைக்கூட எண்ணியிருக்கலாம். முழங்கால் ஆழ நீர் கடல்பக்கமாக வழிந்து அலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி தோளில் விழுந்தேன். இரண்டு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அலைமுகம் இரண்டு மீட்டர் என்றால் அதன் கீழே பாதுகாப்பான ஆழம் இருக்கும் என்று நினைத்தது என் தவறு. பள்ளத்தின் அடியில் எப்போதும் ஆழம் குறைவுதான்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. கடற்காற்று அலையின் முதுகில் தள்ளுகிறது. முகடு முன்கூட்டியே, சற்று ஆழமான நீரிலேயே நுரைத்துவிடும். நிலக்காற்று முகத்தில் எதிர்த்து வீசி அலையைத் தாங்கிப் பிடிக்கிறது. அலை தாமதமாக, இன்னும் ஆழம் குறைந்த இடத்தில், இன்னும் செங்குத்தாக உடையும். முகம் மழித்தது போலச் சுத்தமாக இருப்பதும் இதனால்தான். கரையிலிருந்து ஞாயிறு அழகாகத் தெரிந்ததற்கும் உள்ளே போனதும் உதைத்ததற்கும் காரணம் ஒன்றே.

ஆனால் உங்களைத் தோற்கடித்தது அலையின் செங்குத்து மட்டும் அல்ல. ஒரே அடியாகக் கவிழ்ந்தது என்றீர்களே, அதுதான் பெரிய விஷயம். சறுக்குபவர் கரையை நோக்கி நேராகப் போவதில்லை. உடைந்த பகுதிக்கும் உடையாத பகுதிக்கும் நடுவே இருக்கும் அந்த ஓரத்தோடு பக்கவாட்டில் ஓடுகிறார். நுரையின் ஓரம் செல்லும் பாதைக்கும் முகட்டின் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை வைத்து எவ்வளவு வேகம் தேவை என்று கணக்கிட்டுவிடலாம். அலை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறது என்போம். கோணம் 60 பாகை என்றால் நீங்கள் மணிக்கு 21 கிலோமீட்டரில் போனால் போதும். கற்பவருக்கு ஏற்ற வேகம். 30 பாகை என்றால் 36 கிலோமீட்டர், தேர்ந்தவர்களுக்கு. 15 பாகை என்றால் ஏறத்தாழ 70. யாராலும் அவ்வளவு சிறிய அலையில் அந்த வேகம் எடுக்க முடியாது. கோணம் சுழியம் என்றால் அலை முழுநீளமும் ஒரே கணத்தில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சந்தித்தது ஏறக்குறைய இதை. உங்கள் திறமைக் குறைவு அல்ல அது. உலகச் சாம்பியனும் அங்கே குழலுக்குள் ஒரு நொடி இருந்துவிட்டு மண்ணைக் கவ்வியிருப்பார்.

ஏன் அப்படி விழுந்தது? நீண்ட அலைக்காலம் கொண்ட அலைகளின் முகடுகள் நீளமானவை, நேரானவை. தரையை வெகு தொலைவிலேயே உணர்ந்துவிடுவதால், சாய்வாக வந்தாலும் வளைந்து வளைந்து, கரையை எட்டும்போது கரைக்கு இணையாகிவிடுகின்றன. உங்கள் மணல் திட்டும் கரைக்கு இணையாகவே இருக்கிறது. நேர்க்கோடு நேர்க்கோட்டில் மோதினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் உடையும். சனிக்கிழமை வந்த கலைந்த அலைகளோ துண்டு துண்டானவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் உச்சமும் இரு பக்கமும் சரியும் தோள்களும் இருந்தன. உச்சம் முதலில் உடைய, தோளோடு நீங்கள் ஓடினீர்கள். பெரும்பாலானோர் நீண்ட அலைக்காலம் என்றாலே நல்ல நாள் என்று நினைக்கிறார்கள். நேரான மணற்கரையில் அது பாதி உண்மைதான். அதே 14 நொடி அலை, கடலுக்குள் நீண்ட ஒரு முனையைச் சுற்றி வளைந்து வந்தால் கதை வேறு. ஒரு முனையில் உடையத் தொடங்கி ஒழுங்காக உரிந்துகொண்டே போகும். தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே அப்படிப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஸ்னாப்பர் ராக்ஸ் அருகே, ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் தேங்கும் மணலைக் குழாய் வழியே மறுபக்கம் கொண்டுசேர்க்கும் திட்டம் 2001இல் தொடங்கியதும், மணல் முனையை ஒட்டிப் படிந்து, உலகமே பேசும் நீண்ட அலை ஒன்று உருவானது. யாரும் அலையைக் கட்டவில்லை. தரை மாறியது, அலை மாறியது.

இந்த வளைதலின் பெரிய உதாரணம் போர்ச்சுகலின் நசாரே. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வரை நீள்கிறது. பள்ளத்தாக்கின் மேல் வரும் அலைப்பகுதிக்கு ஆழம் அதிகம், வேகம் குறையாது. பக்கத்தில் ஆழமற்ற நீரில் வருவது பின்தங்குகிறது. வேகமான பகுதி வளைந்து மெதுவான பகுதியின் மேல் வந்து சேரும்போது இரண்டு முகடுகளும் கூடுகின்றன. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் அங்கே சறுக்கிய அலை 26.21 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய அலை உடையும் ஆழம் அதிகம், எனவே அதன் வேகமும் அதிகம். கையால் வலித்து அந்த வேகத்தை எட்டுவது மிகக் கடினம் என்பதால் நீர் ஸ்கூட்டரில் இழுத்துக்கொண்டுபோய் விடுகிறார்கள்.

அடுத்த முறை நிலைமை இப்படியே இருந்தால் என்ன செய்யலாம்? பலகையை மணலில் வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். தூரத்து அலைகள் கூட்டமாக வரும். நடுவே பத்து நிமிடம்கூடக் கடல் சும்மா கிடக்கும். வந்தவுடன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போனவர் பலர் அந்தச் சும்மாவைப் பார்த்து ஏமாந்தவர்கள். பெரிய கூட்டம் வரும்போது முதலில் எந்தப் புள்ளி நுரைக்கிறது, அங்கிருந்து நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். எங்குமே நகராமல் மொத்தமாக வெளுத்தால், கடல் ஏறும் வரை காத்திருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதே திட்டு சாந்தமாகிவிடலாம். அல்லது திட்டு அறுபடும் இடத்தைத் தேடுங்கள். அலை உடையாமல், நீர் கருமையாகவோ கலங்கலாகவோ, மேற்பரப்பு மட்டும் சிலுசிலுத்துக்கொண்டு ஓர் இடைவெளி தெரியும். அதன் இரு ஓரங்களில்தான் அலைக்குத் தோள் இருக்கும்.

அந்த இடைவெளி அமைதியாக இருப்பதற்குக் காரணம், அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் அதன் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. பலகையும் நீச்சலும் உள்ளவருக்கு அது வெளியே போக வசதியான பாதை; குளிக்க வந்தவர்களுக்கு ஆளை இழுத்துப்போகும் இடம். கூட வருபவர்களை அங்கே இறங்க விடாதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில், நுரை தெரியும் பக்கமாக நீந்தி வெளியேற வேண்டும்.

கவிழும் அலையில் விழுவது உறுதி என்று தெரிந்தால் தலைகீழாகப் பாயாதீர்கள். மல்லாந்தோ பக்கவாட்டிலோ, முடிந்த அளவு தட்டையாக விழுங்கள்; கைகளால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். உடைந்த நீரில் காற்று நிறையக் கலந்திருக்கும். அதில் மிதப்பதும் கடினம், கையால் வலித்தாலும் பிடி கிடைக்காது. நுரை கடந்து நீர் பச்சையாகும் வரை சில நொடிகள் சும்மா இருங்கள். மேலே வரும்போது ஒரு கை தலைக்கு மேல் நீண்டிருக்கட்டும். பலகை எங்கே இருக்கிறது என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது.